நெருஞ்சி: மிதிப்பதற்கு முன் குனிந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

நெருஞ்சியை நம்மில் பலருக்குக் காலால்தான் தெரியும். ஒற்றைக் காலில் நின்று, செருப்பைத் திருப்பி, குத்தியதைப் பிடுங்கி, நாலு வார்த்தை திட்டி வீசியிருப்போம். அந்தச் செடியின் பூ என்ன நிறம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்போம். மஞ்சள். ஐந்து இதழ், நல்ல வெளிச்சமான மஞ்சள், காலை வெயிலில் விரிந்து மதியத்துக்கு மேல் உதிரத் தொடங்குகிற பூ. நான் இருப்பது வேலூர் மாவட்டத்துக் காட்பாடி, எங்கள் மேட்டாங்கொல்லை (மேட்டு நிலம்) இருப்பது அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். முப்பது வருஷம் அந்தக் கொல்லையில் இதை மிதித்து நடந்தவன், ஒரு ஆவணி மாதம் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்க ஆள் வராமல் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முதலாக இதைக் கிட்டத்தில் பார்த்தேன். அன்றைக்கே தெரிந்துபோன ஒரு விஷயம், நாம் நெருஞ்சி முள் என்று சொல்வது முள்ளே இல்லை. அது என்ன என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன், அதற்கு முன் செடியைப் பார்த்தாக வேண்டும்.

ஒரு நெருஞ்சிச் செடியை முளையில் இருந்து விதை வரைக்கும் ஐந்தாறு வாரத்தில் முழுதாகப் பார்த்துவிடலாம். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ உயிரியல் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

படி 1: எப்போது, எங்கே தேடுவது

எங்கள் பக்கம் மழை இரண்டு தவணையாக வரும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மண் நன்றாக நனைந்த முதல் மழைக்குப் பிறகு பத்து நாள் கழித்துப் போங்கள்.

போகிற இடம் முக்கியம். நெருஞ்சி தரையோடு படர்கிற செடி, முழு வெயில் கேட்கும், நிழல் ஆகாது. அதனால் ஜவ்வாது மலையில் இடுப்பளவு புல் நிற்கிற சரிவில் போய்த் தேடினால் கிடைக்காது. ஆடு மாடு மேய்ந்து புல் கட்டையாகிப் போன புறம்போக்கு, குன்றின் அடிவாரத்து ஒற்றையடிப் பாதை, பாலாற்றங்கரையில் மேடாக மணல் கலந்த ஓரம், மல்லாட்டை பிடுங்கிவிட்டுச் சும்மா போட்ட கொல்லை, பள்ளிக்கூட மைதானத்து ஓரம், இவைதான் அதன் இடம். காலும் குளம்பும் படுகிற வறண்ட நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றின் 155ஆம் பாட்டில் 'பாழூர் நெருஞ்சி' என்று வருகிறது. ஆள் விட்டுப்போன ஊரில் முளைப்பது என்று இரண்டே சொல்லில் அந்தப் புலவர் வாழிடத்தைச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் இடிந்து கிடக்கிற வீட்டு மனையில் போய்ப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.

நேரம், காலை எட்டு மணியில் இருந்து பதினொன்று வரை. மத்தியானம் போய்விட்டு பூவே இல்லை என்று சொல்லாதீர்கள்.

படி 2: கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று, புது பிளேடு, குண்டூசி இரண்டு, அடிக்கோல், பழைய செய்தித்தாள். உட்கார ஒரு கோணி கட்டாயம் வேண்டும். லென்ஸ் இல்லை என்றால் மொபைல் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், முக்கால்வாசி வேலை அதிலேயே நடந்துவிடும். கனமான அடி உள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மெல்லிய ஹவாய் செருப்பை இது துளைத்துவிடும்.

படி 3: இது அந்த நெருஞ்சிதானா

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவார்கள், நானும் தடுமாறியவன். தமிழில் நெருஞ்சி என்ற பெயரில் மூன்று செடிகள் உண்டு, மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை.

நாம் பார்க்கப் போவது சிறுநெருஞ்சி. தாவரவியல் பெயர் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ், 1753இல் லின்னேயஸ் வைத்தது, குடும்பம் சைகோபில்லேசி. மஞ்சள் பூ, சின்னச் சின்னச் சிற்றிலைகள் வரிசையாக இருக்கிற கூட்டிலை, தரையில் படுத்த தண்டு.

இரண்டாவது யானை நெருஞ்சி, பெருநெருஞ்சி என்றும் சொல்வார்கள். பெடாலியம் மியூரெக்ஸ். இதுவும் மஞ்சள் பூதான், ஏமாற்றுவது அதுதான். ஆனால் இதழ்கள் தனித்தனியாக இல்லாமல் அடியில் சேர்ந்து குழாய் மாதிரி இருக்கும், இலை தனி இலை, சதைப்பற்றாக, ஓரம் பல்பல்லாக. காய் நாலு மூலை உள்ளது, அடிப்பக்கம் மூலைக்கு ஒரு முள். இது எள்ளுச் செடியின் குடும்பம். சந்தேகம் இருந்தால் ஒரு கிளையை ஒடித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள், தண்ணீர் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். சிறுநெருஞ்சி அப்படிச் செய்யாது.

மூன்றாவது செப்பு நெருஞ்சி, இண்டிகோபெரா லின்னெய். அவுரிச் செடியின் இனம். தரையில் படரும், ஆனால் பூ சிவப்பு, அவரைப் பூ வடிவம். பூவைப் பார்த்தவுடன் இதை ஒதுக்கிவிடலாம்.

ஒரு தடவை நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் கேட்டு வாங்கி வந்து வீட்டில் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் நாலு மூலைக் காய். கேட்டதற்கு, 'எல்லாம் நெருஞ்சிதாங்க' என்றார் கடைக்காரர். பெயரளவில் அவர் சொன்னது சரி.

அதே புல்தரையில் மஞ்சளாகப் பூக்கிற தரைக்கீரையையும் ஆரம்பத்தில் குழப்பிக்கொள்வார்கள். அதன் இலையைக் கிள்ளினால் தண்ணீர் வரும், சதை இலை. நெருஞ்சி இலையைத் தடவினால் பட்டுமாதிரி ரோமம் தட்டுப்படும். அவ்வளவுதான் வித்தியாசம், போதும்.

படி 4: தண்டும் இலையும்

செடியின் நடுவைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தண்டுகள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி எல்லாப் பக்கமும் தரையோடு போகும். நல்ல மழை வருஷத்தில் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் தாண்டும். இவ்வளவு படர்ந்தாலும் கணுவில் வேர் விடாது, மொத்தமும் நடுவில் இருக்கிற ஒரே ஆணிவேரை நம்பித்தான் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், களையெடுக்கும்போது உதவும்.

இப்போது ஒரு கணுவைப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இலை இருக்கும், இரண்டும் ஒரே அளவு இல்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அடுத்த கணுவுக்குப் போனால் பெரியது மறுபக்கம் மாறியிருக்கும். இடது, வலது, இடது, வலது என்று நடந்துபோகிற கால் மாதிரி. நான் முதலில் ஆடு கடித்த இலை என்று நினைத்தேன், பத்துக் கணு எண்ணிய பிறகுதான் இது செடியின் கணக்கு என்று புரிந்தது. பூவும் காயும் பெரும்பாலும் அந்தச் சின்ன இலையின் கக்கத்தில்தான் வரும்.

ஒரு இலையில் சிற்றிலைகள் சோடி சோடியாக இருக்கும், மூன்றில் இருந்து எட்டுச் சோடி. நுனியில் ஒற்றைச் சிற்றிலை இருக்காது. ஒரு சிற்றிலையைப் பிய்த்து அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள், காம்பின் இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கும். வெள்ளை ரோமம் அடிப்பக்கம் அதிகம், அதனால்தான் தூரத்தில் இருந்து பார்க்கும்போது செடி சாம்பல் பூசின பச்சையாகத் தெரியும்.

இலைக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. நெருஞ்சி ஒரு சி4 தாவரம். நெல்லும் மல்லாட்டையும் காற்றில் இருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிற முறை ஒன்று, கரும்பும் சோளமும் கேழ்வரகும் பிடிக்கிற முறை வேறு. இரண்டாவது கூட்டத்தின் இலையில் நரம்பைச் சுற்றி மாலை மாதிரி ஒரு செல் வளையம் இருக்கும், முதலில் வெளிச் செல்களில் பிடித்த கார்பனை அங்கே கொண்டுபோய்க் குவித்துத்தான் சர்க்கரை ஆக்கும். கடும் வெயிலில், குறைந்த தண்ணீரில் இந்த முறைதான் கட்டுப்படியாகும். சி4 செடிகளில் புல் வகைகள்தான் நிறைய, அகல இலைச் செடிகள் குறைவு. அந்தக் குறைந்த கூட்டத்தில் நெருஞ்சி ஒன்று. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மே மாதத்து மழை ஒன்றுக்கு முளைத்து, பக்கத்துச் செடியெல்லாம் துவண்டு கிடக்கும்போது இது பூத்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம் அந்த ஆணிவேர்.

படி 5: பூ

அவசரப்படாதீர்கள், இங்கே ஒரு முழுக் காலையைச் செலவழிக்கலாம்.

பூவின் அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர், பழைய பத்துப் பைசாக் காசுக்குள் அடங்கிவிடும். நம் பக்கத்தில் கொஞ்சம் பெரிய பூ உள்ள செடிகளும் உண்டு. அவற்றை டிரிபுலஸ் லானுஜினோசஸ் என்று சிலர் தனி இனமாகப் பிரிப்பார்கள், சிலர் இதோடு சேர்த்துவிடுவார்கள், அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம்.

ஒரு பூவைக் காம்போடு பறித்து, செய்தித்தாள் மேல் வைத்து, வெளியில் இருந்து உள்ளே வாருங்கள். முதலில் ஐந்து பச்சைப் புல்லிகள், அதாவது மொட்டை மூடியிருந்தவை, கூர் நுனி, ரோமம். அடுத்து ஐந்து மஞ்சள் அல்லிகள், அதாவது இதழ்கள், ஒன்றோடொன்று ஒட்டாதவை. குண்டூசியால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், லேசாகத் தொட்டாலே கழன்றுவிடும். உள்ளே பத்து மகரந்தத்தாள்கள். நன்றாகப் பார்த்தால் ஐந்து நெட்டை, ஐந்து குட்டை. நெட்டையானவை இதழுக்கு நேராக நிற்கும், குட்டையானவை புல்லிக்கு நேராக. குட்டைத் தாள்களின் அடியில் வெளிப்பக்கமாகச் சின்னதாக ஒரு பொட்டு தெரிந்தால் அது தேன் சுரப்பி. எறும்பும் சின்ன ஈயும் ஏன் வட்டமாகச் சுற்றி வருகின்றன என்று அதைப் பார்த்த பிறகு புரியும்.

நடுவில் சூலகம், பின்னால் காயாகப் போகிற பாகம். ரோமம் அடர்ந்த குட்டிப் பந்து, அதன் மேல் குட்டையான தண்டு, மகரந்தம் வந்து ஒட்டுகிற, ஐந்தாகப் பிரிந்த சூல்முடி. எல்லாமே ஐந்தின் கணக்கு என்பதைக் கவனித்தீர்களா? இதைக் காய்க்கும் கொண்டுபோவோம்.

இப்போது இரண்டு சின்னச் சோதனை. முதலாவது, வெயில் வந்ததும் விரிந்த பூ ஒன்றைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு அதன் முகம் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மேலே சொன்ன அதே புறநானூற்றுப் பாட்டு, எழுகிற சூரியனை எதிர்கொள்கிற பூ என்றுதான் நெருஞ்சியைச் சொல்கிறது. குச்சியோடு போய் அந்தப் புலவரைச் சரிபார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. இரண்டாவது, நாளைக்கு விரியப்போகிற மொட்டு ஒன்றின் மேல் மெல்லிய வேட்டித் துணியைச் சின்னப் பை மாதிரி கட்டிவிடுங்கள். பூச்சி உள்ளே போக முடியாது. ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் காய் பிடித்திருக்கும். பூச்சி வந்தால் சரி, வராவிட்டாலும் தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே பட்டு இது காய்த்துவிடும். ஒரே ஒரு விதை எங்கேயோ போய் விழுந்தாலும் அங்கே ஒரு கூட்டத்தையே கிளப்ப முடிவது இதனால்தான்.

படி 6: முள் அல்ல, பழம்

இதழ் உதிர்ந்த ஐந்தாறு நாளில் பூ இருந்த இடத்தில் பச்சையாக ஒரு சின்னப் பட்டன் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஐந்து கூறு. தொட்டுப் பாருங்கள், முள்கள் இருக்கும், ஆனால் இளசாக, வளையும், குத்தாது. பிளேடால் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை தெரியும்.

இரண்டு வாரத்தில் அது காய்ந்து, வைக்கோல் நிறமாகி, கட்டை மாதிரி இறுகி, ஐந்து துண்டாகப் பிரிந்து விழும். இப்படிப் பிரிகிற கனிக்குப் பிளவுக்கனி என்று பெயர், கொத்தமல்லி விதை இரண்டாகப் பிளப்பதும் இந்த வகைதான். நம் காலில் குத்துவது இந்த ஐந்தில் ஒரு துண்டு. எலுமிச்சை முள், கருவேல முள் எல்லாம் செடியின் உடம்பில் வருவது. இது பூவில் இருந்து வந்து, உள்ளே விதை வைத்திருக்கிற பழத்தின் ஒரு கூறு. குறள் 1120இல் வள்ளுவர் மாதர் அடிக்கு அனிச்சமும் அன்னத்தின் தூவியும் 'நெருஞ்சிப் பழம்' என்கிறார். முள் என்று சொல்லவில்லை, பழம் என்றார். பள்ளிக்கூடத்தில் இந்தக் குறளை ஒப்பித்தபோது, எதுகைக்காகப் போட்டிருப்பார் என்று நினைத்தவன் நான்.

ஒரு துண்டை விரல் நுனியில் வைத்து லென்ஸில் பாருங்கள். முதுகில் விரிந்து நிற்கிற இரண்டு பெரிய முள், கீழே இரண்டு சின்ன முள். முன்பக்கமாகப் பார்த்தால் கொம்பு வைத்த மாட்டுத் தலை. (வடமொழியில் கோக்ஷுரம் என்று பெயர், மாட்டுக் குளம்பு என்று பொருள். அவர்கள் வேறு பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள் போல.) இருபது துண்டைப் பொறுக்கிச் செய்தித்தாள் மேல் சோழி மாதிரி குலுக்கிப் போடுங்கள். எத்தனை துண்டில் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கிறது என்று எண்ணுங்கள். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒன்று நிமிர்ந்து நிற்கிற மாதிரியான அமைப்பு. பழைய காலத்துப் போரில் குதிரைக் காலுக்கும் யானைக் காலுக்கும் இரும்பில் முள் செய்து இறைத்தார்களே, அதன் வடிவமும் இதுதான். டிரிபுலஸ் என்ற பெயரே அந்த ஆயுதத்துக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது.

முன்பு குளம்பு, இப்போது டயர். அமெரிக்காவுக்கு இது சொந்தச் செடி இல்லை, அங்கே போய்ச் சேர்ந்து சைக்கிள் டியூப்களைப் பதம் பார்த்ததால் பஞ்சர் கொடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதைக் கட்டுப்படுத்த 1961இல் இத்தாலியில் இருந்து இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று காயைத் துளைக்கும், இன்னொன்று தண்டைத் துளைக்கும்.

படி 7: விதையை முளைக்க வைப்பது

காய்ந்த துண்டைக் கத்தியால் வெட்டப் பார்த்து விரலை வெட்டிக்கொள்ளாதீர்கள், நான் வெட்டிக்கொண்டேன். ஆயாவின் பாக்குவெட்டிதான் இதற்குச் சரி. நீளவாக்கில் பிளந்தால் உள்ளே குறுக்குத் தடுப்பு போட்ட அறைகள், அறைக்கு ஒரு விதை, மொத்தம் இரண்டு, மூன்று, நாலு இருக்கும். எல்லாம் ஒரே அளவு இல்லை, ஒன்று பெரிதாக இருக்கும். முதல் மழைக்கு முளைப்பது பெரும்பாலும் அந்தப் பெரியதுதான். மற்றவை மண்ணுக்குள் தூங்கும், சில வருஷம் கூடத் தூங்கும். எல்லாவற்றையும் ஒரே மழையை நம்பி அனுப்பாமல் பாதியை மூட்டையிலேயே வைத்திருக்கிற மானாவாரிக்காரன் புத்தி.

தொட்டியில் போட்டுப் பார்க்க நினைத்தால், இன்றைக்குப் பொறுக்கின புதுக் காயைப் போடாதீர்கள். புதுசு பல மாதம் உறங்கும். போன வருஷத்துக் காயை, தரையில் கிடந்து நிறம் வெளுத்ததை, எடுத்து விரல் நுனி ஆழத்தில் மணல் கலந்த மண்ணில் புதைத்து, நல்ல வெயிலில் வையுங்கள். முதலில் வருகிற இரண்டு விதையிலைகள் தடிப்பாக, நீள்வட்டமாக, நுனியில் லேசாகக் குழிந்திருக்கும், அடிப்பக்கம் சாம்பல் நிறம். இந்த முகத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டால், கொல்லையில் நெருஞ்சியைப் பிறந்த வாரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

படி 8: செடியை அழுத்தி வைக்க

பூவும் காயும் சேர்ந்திருக்கிற ஒரு முழுக் கிளையை வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே கனமான புத்தகம் வைத்து, முதல் ஒரு வாரம் தினமும் தாளை மாற்றுங்கள். இதழ் உடனே உதிர்ந்துவிடும் என்பதால் பறித்த இடத்திலேயே தாளுக்குள் வைத்துவிடுவது நல்லது. காய்ந்த பழத்தை மட்டும் தனிக் கவரில் போடுங்கள், இல்லையென்றால் தாளையெல்லாம் ஓட்டை போட்டுவிடும். ஊர், தேதி, மண் எப்படிப்பட்டது, பூவின் நிறம், நாலையும் எழுதுங்கள். நிறம் வெளுத்துப்போகும், அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

கொல்லைக்காரர்களுக்கு

முளைத்து மூன்று வாரத்தில் பூ, ஐந்தாறு வாரத்தில் இறுகின காய். ஆகவே மழைக்குப் பிறகு மூன்று வாரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. படர்ந்த தண்டுகளை இழுத்துக்கொண்டிருக்காமல் நடுவில் களைக்கொத்தை வைத்து, தண்டுகள் பிரிகிற இடத்துக்குக் கீழே ஆணிவேரை ஒரு வெட்டு வெட்டினால் மொத்தமும் ஒரே கைப்பிடியில் வரும். காய் இறுகிவிட்டதென்றால் செடியைப் பிடுங்குவதில் பெரிய லாபம் இல்லை, காயைப் பொறுக்க வேண்டும். நனைத்த கோணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போங்கள், துண்டுகள் குத்திக்கொண்டு வந்துவிடும். அந்தக் கோணியை எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒன்று. பச்சையில் அங்கங்கே நாலு வாய் கடிப்பதைப் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் வேறு மேய்ச்சலே இல்லாமல் செம்மறிகள் நெருஞ்சியையே, அதுவும் வாடின நெருஞ்சியை, நாள்கணக்கில் தின்றால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டதும் முகம் வீங்கி மஞ்சள் பாரிக்கும். தென்னாப்பிரிக்காவில் இந்த நோய்க்கு மஞ்சள் வீங்கு தலை என்ற பொருளில் தனிப் பெயரே உண்டு.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். சித்த மருத்துவத்தில் சிறுநீர் சம்பந்தமானவற்றுக்கு இது பழைய மருந்து, ஆயுர்வேதத்தின் தசமூலப் பத்து வேர்களில் ஒன்று. அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிம்மில் விற்கிற நெருஞ்சி மாத்திரை ஆண் ஹார்மோனை ஏற்றும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஆரோக்கியமான ஆண்களிடம் நடத்திப் பார்த்த சோதனைகளில் அப்படி ஏறவில்லை.

என் மாடியில் இருக்கிற தொட்டியில் போன ஆடியில் ஐந்து துண்டு புதைத்தேன். மூன்று முளைத்தது, துண்டுக்கு ஒன்று. பூத்துக் காய்த்து முடிந்து அந்தச் செடிகள் காய்ந்தும் போய்விட்டன. தொட்டியைக் காலி செய்யச் சொல்லி வீட்டில் தினமும் பேச்சு. உள்ளே மிச்ச விதைகள் இருக்கின்றன, இந்த ஆடி வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். துணி காயப்போட மாடிக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் செருப்பு போட்டுக்கொண்டுதான் போகிறார்கள்.